தொர்தோஞ் பள்ளத்தாக்குக் கோட்டைகள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸில் இருக்கிறேன், வருடத்துக்கு ஒரு தடவையாவது தொர்தோஞ் பக்கம் போய்விடுவேன். அதனால் சொந்தக்காரர்களில் யார் அங்கே கிளம்பினாலும் முதல் போன் எனக்குத்தான். ஆள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் பேசி முடிக்கும்போது நான் சாப்பிட வைத்த தோசை ஆறிப்போய்விடுகிறது. எனவே இனிமேல் கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடுவதாக முடிவு. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"தொர்தோஞ்னா எங்க இருக்கு? பாரிஸ் பக்கத்துலதானே, காலைல போயிட்டு ராத்திரி வந்துடலாமா?"

முடியாது. பிரான்சின் தென்மேற்கு அது. தொர்தோஞ் என்பது ஓர் ஆற்றின் பெயர். நாட்டின் நடுவிலிருக்கும் எரிமலைப் பிரதேசத்தில், புய் த சான்சி மலையில் பிறந்து, ஏறத்தாழ 480 கி.மீ. ஓடி, பொர்தோ நகரத்தைத் தாண்டி கரோன் ஆற்றோடு கலக்கிறது. நாம் பேசுவது அதன் நடுப்பகுதி, பெரிகோர் நுவார் என்பார்கள், கறுப்புப் பெரிகோர். ஓக் காடு அடர்ந்து இருட்டாக இருப்பதால் அந்தப் பெயர். தங்குவதற்கு நடு ஊர் சார்லா.

பாரிஸிலிருந்து பொர்தோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அங்கிருந்து சார்லாவுக்கு உள்ளூர் ரயிலில் இன்னொரு இரண்டரை மணி நேரத்துக்கு மேல். குறைந்தது மூன்று இரவு தங்க முடிந்தால் போங்கள், இல்லையென்றால் ரயில் ஜன்னலைப் பார்த்த நேரம்தான் அதிகமாக இருக்கும்.

"படத்துல பார்த்தேனே, தண்ணி நடுவுல வெள்ளை அரண்மனை, அதுவா இது?"

அது லுவார் ஆற்றுப் பக்கம், வேறு ஊர், வேறு காலம். இந்தக் குழப்பத்துக்குக் காரணம் 'ஷாத்தோ' என்ற ஒற்றைச் சொல். பிரெஞ்சில் போர்க்கோட்டையும் ஷாத்தோ, ராஜா ஓய்வெடுக்கும் மாளிகையும் ஷாத்தோ, திராட்சைத் தோட்டத்து வீடும் ஷாத்தோ. லுவாரில் பெரும்பாலும் மறுமலர்ச்சிக் கால மாளிகைகள், பெரிய ஜன்னல், தோட்டம், நடன மண்டபம். தொர்தோஞ்சில் முக்கியமானவை 12, 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய போர்க்கோட்டைகள். ஜன்னல் என்பதே அம்பு விடும் இடுக்குதான். பளபளப்பு எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

"ஆயிரத்தொரு கோட்டைன்னு விளம்பரத்துல போட்டிருக்கான். நிஜமா எண்ணிப் பார்த்தானா?"

சுற்றுலாக்காரர்கள் சொல்லும் வாசகம் அது. பண்ணையார் வீடு, கோபுரம் வைத்த மாளிகை, இடிந்த சுவர் எல்லாவற்றையும் சேர்த்தால் அப்படி ஒரு எண் வரலாம். டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் பார்க்கக்கூடியவை அதில் சிறு பகுதி. அவற்றிலும் இந்த ஆற்றங்கரையில் கட்டாயம் பார்க்க வேண்டியவை ஐந்தாறுதான்.

"ரெண்டு நாள்தான் இருக்கு. எதைப் பார்க்கிறது, எதை விடறது?"

பெய்னாக், காஸ்தெல்னோ கோட்டைகள். இந்த இரண்டையும் வெவ்வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் போகாதீர்கள், மூன்றாவது கோட்டையில் எல்லாருக்கும் படிக்கட்டு மட்டும்தான் தெரியும். முதல் நாள் காஸ்தெல்னோ, மாலையில் மார்கெய்சாக் தோட்டம் (இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டு, தனித்தனியாக எடுப்பதைவிட மலிவு). இரண்டாம் நாள் காலை பெய்னாக், மதியம் லா ரோக்-கஜாக் கிராமம், முடிந்தால் தொம் என்ற ஊர். மிலாந்த் மாளிகையைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

டிக்கெட் ஒவ்வொரு இடத்திலும் பெரியவர்களுக்குச் சுமார் 10 முதல் 15 யூரோ ஆகும். நான்கு பேர் குடும்பமாகப் போனால் இது கூடிவிடும், கணக்குப் போட்டுக்கொண்டே போங்கள்.

"ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருக்கே, ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கும்? ஒண்ணைப் பார்த்தா போதாதா?"

என்னைக் கேட்டால் அந்தப் பள்ளத்தாக்கின் விஷயமே இதுதான். பெய்னாக் ஆற்றின் வடகரையில், 150 மீட்டர் செங்குத்துப் பாறையின் உச்சியில். காஸ்தெல்னோ எதிர்க்கரையில், செயு என்ற சிற்றாறு வந்து சேரும் இடத்துக்கு மேலே. இடையில் மூன்று கி.மீ. கூட இருக்காது. நூறாண்டுப் போரில் (1337 முதல் 1453 வரை) பெய்னாக் பிரெஞ்சு அரசன் பக்கம், காஸ்தெல்னோ பெரும்பாலும் இங்கிலாந்து அரசன் பக்கம். இவன் அடுப்பில் புகை வருவதை அவன் பார்க்கலாம். எதிரி வீட்டு வாசல் தெரிகிற மாதிரி இரண்டு பங்காளி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் ஓடுவது தெரு இல்லை, ஆறு.

காஸ்தெல்னோவின் கோபுரத்தில் ஏறும்போது ஒரு அம்பு இடுக்கு முன்னால் நின்று பாருங்கள். உள்பக்கம் ஆள் நிற்கிற அளவு அகலம், வெளியே போகப் போகக் குறுகி ஒரு கை அகலக் கீறல். அந்தக் கீறலில் மஞ்சள் பாறையும் அதன் மேல் பெய்னாக்கும் சரியாகப் பொருந்தி நிற்கும். அடுத்த நாள் பெய்னாக் மாடியில் நின்று காஸ்தெல்னோவைத் தேடுவீர்கள், நான் எத்தனை தடவை போனாலும் தேடுகிறேன். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வருவது, சண்டையில் ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு வருவது போல.

"இங்கிலீஷ்காரன் பிரான்ஸ் உள்ள எப்படி வந்தான்? காஸ்தெல்னோவை அவன்தான் கட்டினானா?"

கட்டவில்லை. கதை கல்யாணத்தில் தொடங்குகிறது. அக்கித்தேன் நாட்டின் வாரிசு எலினோர் 1152இல் ஹென்றி பிளாண்டாஜெனெட்டைக் கல்யாணம் செய்துகொண்டாள், இரண்டு வருடத்தில் அவன் இங்கிலாந்து அரசன் ஆகிவிட்டான். சீதனமாகத் தென்மேற்கு பிரான்ஸ் முழுக்க அவன் கைக்குப் போனது. அந்தச் சொத்துத் தகராறுதான் முந்நூறு வருடம் இழுத்தது.

'இங்கிலீஷ்' படை என்று சொல்வதிலும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்தான், பேசியதும் இந்தப் பக்கத்து ஆக்சித்தான் மொழிதான். நிலக்கிழார்கள் லாபம் பார்த்துக் கட்சி மாறினார்கள். கடைசியில் 1442இல் பிரெஞ்சுப் படை காஸ்தெல்னோவை மூன்று வாரம் முற்றுகையிட்டது, உள்ளே இருந்த ஆங்கிலத் தளபதி உயிரோடு போக அனுமதியும் 400 எக்கு நாணயமும் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். 1453இல் போர் முடிந்த கடைசிப் பெரிய சண்டையும் இதே ஆற்றங்கரையில், கீழே காஸ்தியோன் என்ற ஊரில் நடந்தது.

"செஞ்சிக் கோட்டை பார்த்தவனுக்கு இதெல்லாம் சின்னதாத் தெரியுமே மாமா?"

தெரியும், மறுக்கவில்லை. செஞ்சி மூன்று மலையை வளைத்துக் கட்டிய தலைநகரம், 1750இல் பிரெஞ்சுப் படையே அதைப் பிடித்துப் பத்து வருடம் வைத்திருந்தது. பெய்னாக் என்பது ஒரு குடும்பத்தின் வீடு, பெரிகோரின் நான்கு பெரிய பிரபுக் குடும்பங்களில் ஒன்று. முந்நூறு ஏக்கர் மதிலை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் சமையலறை, பிரார்த்தனை அறைச் சுவரோவியம், வெளியே தொங்கும் கழிப்பறை என்று ஆள் வாழ்ந்த தடயம் இங்கே நெருக்கமாக இருக்கும், படிகளின் நடுவில் கால் பட்டுக் குழிந்திருப்பது செருப்பு வழியாகவே தெரியும்.

"கார் இல்லாம சமாளிக்க முடியுமா?"

சார்லா வரை ரயில். அதற்கப்புறம் கஷ்டம். கோட்டைகளுக்குப் பேருந்தை நம்பிப் போகாதீர்கள், டாக்ஸி கிடைக்கும், ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சைக்கிள் ஓட்டுபவராக இருந்தால் சார்லாவிலிருந்து பழைய ரயில் தடத்தில் போட்ட சைக்கிள் பாதை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் விடும், நல்ல பாதை, ஏற்றம் குறைவு. கோட்டைகளுக்கு அங்கிருந்து மறுபடி சாதாரண ரோடு.

வாடகைக் காருக்கு ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னாலேயே பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் கியர் வண்டிதான் கிடைக்கும். கிராமச் சந்திப்புகளில் பலகை எதுவும் இல்லாத இடத்தில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை, சந்திலிருந்து வரும் டிராக்டராக இருந்தாலும் சரி. இது தெரியாமல் என் தம்பி ஒரு முறை ஒரு தாத்தாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"எப்ப போனா நல்லது? ஸ்கூல் லீவுல போகலாமா?"

ஜூலை, ஆகஸ்ட் கூட்டம். பெய்னாக் கிராமத்துக்குள் போகும் ஒற்றைச் சாலையில் கார் நகராது, நிறுத்தவும் இடம் இருக்காது. மே, ஜூன், செப்டம்பர் என் விருப்பம். லீவில்தான் முடியும் என்றால் காலை கதவு திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள். கோடையில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், மதியம் தூங்கிவிட்டு மாலையில் மறுபடி கிளம்பலாம். ஜூலை ஆகஸ்ட் வியாழக்கிழமை இரவுகளில் மார்கெய்சாக் தோட்டம் முழுக்க மெழுகுவத்தி ஏற்றுவார்கள், அதற்காக மட்டும் கூட்டத்தைச் சகித்துக்கொள்ளலாம்.

குளிர்காலத்தில் பல இடங்கள் மூடியிருக்கும், காஸ்தெல்னோ வருடம் முழுக்கத் திறந்திருக்கும். நவம்பர் காலையில் ஆற்றிலிருந்து பனி எழுந்து கிராமத்தை மூடிவிட, மேலே கோட்டை மட்டும் மிதக்கிற மாதிரி இருக்கும், அது வேறு கதை.

"அம்மாவுக்கு முட்டி வலி. கூட்டிட்டுப் போலாமா?"

போகலாம், ஆனால் இடம் பார்த்து. பெய்னாக்குக்கு ஆற்றங்கரையில் காரை விட்டுவிட்டு கிராமச் சந்து வழியாக ஏறுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு, நெஞ்சு அடைக்கும் ஏற்றம். கோட்டைக்குப் பின்னால் மேலேயே கார் நிறுத்தும் இடம் இருக்கிறது, மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அப்படிப் போனாலும் உள்ளே படிகள் உண்டு, சொரசொரப்பான பாறைத் தரை. காஸ்தெல்னோவிலும் காரிலிருந்து இறங்கி ஏற வேண்டும்.

அம்மாவுக்கு ஏற்றது மூன்று: லா ரோக்-கஜாக்கில் கபார் என்கிற தட்டையடிப் படகில் ஒரு மணி நேரச் சவாரி (அந்தக் காலத்தில் ஓக் மரமும் திராட்சை ரசமும் ஏற்றிக்கொண்டு பொர்தோ பக்கம் போன படகுகளின் மாதிரி), மிலாந்த், அப்புறம் தொம் ஊரின் பாறை விளிம்பில் இருக்கும் மேடை. தொம்முக்கு வண்டியிலேயே ஏறிவிடலாம், அங்கிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும்.

"பசங்களுக்கு போரடிக்காதா?"

காஸ்தெல்னோவில் போரடிக்காது. 1985இல் திறந்த மத்தியகாலப் போர் அருங்காட்சியகம் அங்கேதான், வாளும் கவசமும் ஒரு பக்கம், வெளியே நிஜ அளவில் செய்து வைத்த கல் எறியும் பொறிகள். கோடையில் இயக்கியும் காட்டுவார்கள். பெரிய பொறியின் பெயர் த்ரெபுஷே: ஒரு முனையில் டன் கணக்கில் எடை, மறுமுனையில் கவண், 100 கிலோ கல்லை 200 மீட்டர் எறியும். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஓரிரு தடவைதான் எறிய முடியும், எடையை மேலே இழுக்க அவ்வளவு ஆள், அவ்வளவு நேரம். இதைக் கேட்டதும் என் மகன், "அப்ப நடுவுல எல்லாரும் டீ குடிப்பாங்களா?" என்றான்.

"நாங்க சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

இதில் கவனம் வேண்டும். அந்த ஊர் சமையலின் எண்ணெயே வாத்துக் கொழுப்பு. 'போம் சார்லாதேஸ்' என்று பட்டியலில் இருக்கும், உருளைக்கிழங்கு, பூண்டு, வோக்கோசு இலை, பார்த்தால் நம்ம உருளை வறுவல் மாதிரி மொறுமொறுவென்று மணக்கும், வறுப்பது வாத்துக் கொழுப்பில். என் மாமியாருக்கு ஒரு உணவகத்தில் 'மாமிசம் இல்லாமல்' என்று சொல்லி வாங்கிக் கொடுத்தேன், அவர் ரசித்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பரிமாறியவர் பெருமையாகச் சமையல் ரகசியத்தைச் சொன்னார். மாமியார் இன்றுவரை அதைக் குறிப்பிடவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. பெரிகோர் சாலட் என்றாலும் இலைக்கு அடியில் வாத்து இரைப்பை இருக்கும்.

'சான் வியான்த், சான் க்ரேஸ் த கனார்' என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், மாமிசம் வேண்டாம், வாத்துக் கொழுப்பு வேண்டாம் என்று அர்த்தம். முட்டை சாப்பிடுபவர்களுக்குக் காளான் ஆம்லெட் நன்றாக இருக்கும். ஆட்டுப்பால் சீஸ், வால்நட், வால்நட் எண்ணெய், ஸ்ட்ராபெர்ரி எல்லாம் அந்த மண்ணின் விளைச்சல். சார்லாவில் புதனும் சனியும் சந்தை கூடும், அதில் ரொட்டி, சீஸ், பழம் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் பிரச்சினையே இல்லை. மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள், இரண்டரைக்குப் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள்.

"படகு நாமளே ஓட்டலாமாமே? நீச்சல் தெரியாது, பயமா இருக்கு."

கேனோ வாடகைக்குக் கிடைக்கும், மிதவைச் சட்டை தருவார்கள். கோடையில் ஆறு ஆழம் குறைவு, பல இடத்தில் கூழாங்கல் படகின் அடியில் உரசும். இருந்தாலும் நீச்சல் தெரியாத சின்னப் பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள், பெரியவர்களும் அதை மறைக்காமல் சொல்லுங்கள். தெரியாதவர்களுக்கு மேலே சொன்ன கபார் படகே போதும்.

தெரிந்தவர்கள் செனாக்கில் ஏறி பெய்னாக்கில் இறங்குங்கள், பத்து கி.மீ. போல, நிதானமாக இரண்டரை மணி நேரம். ஆறே இழுத்துக்கொண்டு போகும், திரும்பக் கொண்டுவந்து விட வேன் உண்டு. லா ரோக்-கஜாக், மார்கெய்சாக், காஸ்தெல்னோ, பெய்னாக் என்று வரிசையாகத் தலைக்கு மேலே வரும். கோட்டையைத் தாக்க வந்தவன் எப்படி அண்ணாந்து பார்த்திருப்பான் என்பது தண்ணீரில் இருந்தால்தான் புரியும். போனைப் பையில் கட்டி வையுங்கள், என்னுடையது ஒன்று அந்த ஆற்றில்தான் இருக்கிறது.

"இதெல்லாம் பழசா, இல்ல புதுசா கட்டிட்டு பழசுன்னு காட்டறாங்களா?"

நியாயமான சந்தேகம். பெய்னாக் பெருமளவு பழையது, ஆனால் 1961க்குப் பிறகு பல பத்தாண்டு பழுதுபார்த்துக் காப்பாற்றியது. காஸ்தெல்னோ இடிபாடாகக் கிடந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் கைவிடப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் அதன் கல்லைப் பெயர்த்து ஆற்றங்கரையில் படகு இழுக்கும் பாதை போட்டார்கள். 1960களின் கடைசியில்தான் மறுசீரமைப்பு தொடங்கியது. கல்லின் நிறத்தைப் பாருங்கள், புதிதாக வைத்தது சீராக, வெளிறி இருக்கும்.

கூரைகளில் சில இடங்களில் லோஸ் என்ற சுண்ணாம்புக்கல் பலகைகள் அடுக்கியிருக்கும். ஆணி கிடையாது, தன் எடையிலேயே நிற்கும், ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல். அதைத் தாங்கும் உத்தரங்களைப் பார்க்க உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள்.

"சுவர் மேலேருந்து கொதிக்கிற எண்ணெய் ஊத்துவாங்கன்னு கைடு சொன்னார். நிஜமா?"

எண்ணெய் விலை கூடுதல், அதைக் கீழே ஊற்றி வீணாக்கியிருக்க வாய்ப்பு குறைவு. கல், கொதிநீர், சுட்ட மணல், சுண்ணாம்பு, இவைதான். மேலே மதில் விளிம்பில் வெளியே தள்ளிய வரிசையும் அதன் தரையில் ஓட்டைகளும் இருக்கிறதே, அது நேர் கீழே நிற்பவன் தலையில் கல் போட.

வளைபடி வலம் சுற்றி ஏறுவது மேலிருந்து இறங்குகிறவனின் வலக்கைக்கு வாள் வீச இடம் வேண்டி என்று இன்னொரு கதையும் எல்லா இடத்திலும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, வரலாற்றாசிரியர்களில் பலர் ஏற்பதில்லை. எதிரி படிக்கட்டு வரை வந்துவிட்டால் கோட்டை ஏற்கெனவே போய்விட்டது என்றுதானே அர்த்தம்.

"தொம்ல டெம்ப்ளர் வீரர்களை அடைச்சு வச்ச ஜெயில் இருக்காமே?"

இருக்கிறது. தொம் கோட்டை இல்லை, 1281இல் பிரெஞ்சு அரசன் மூன்றாம் பிலிப் உருவாக்கிய மதில் சூழ்ந்த ஊர். அதன் கோபுர வாசலில் 1307 முதல் டெம்ப்ளர்களை (சிலுவைப் போர்க் காலத்துத் துறவி வீரர்கள்) சிறை வைத்தார்கள். சுவரில் அவர்கள் கீறிய சிலுவைகள், உருவங்கள் இருக்கின்றன. சும்மா நுழைய முடியாது, ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டு வழிகாட்டியோடு போக வேண்டும்.

ஒரு கதை சொல்லாமல் விட மனமில்லை. கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்களும் மோதிய மதப் போர் காலத்தில், 1588இல், புராட்டஸ்டன்ட் தளபதி ஜோஃப்ருவா த விவான் முப்பது பேரோடு இரவில் பாறையில் ஏறினான். யாரும் ஏற மாட்டார்கள் என்று அந்தப் பக்கம் மதிலே கட்டவில்லை. மேலே போய்ப் பெருஞ்சத்தம் எழுப்பி, குழப்பத்தில் வாசலைத் திறந்துவிட்டான். முன்பு சொன்ன மேடையிலிருந்து அந்தப் பாறையை எட்டிப் பாருங்கள்.

"மிலாந்த்ல என்ன விசேஷம்? கோட்டைன்னு போனா யாரோ டான்சர் போட்டோவா இருக்கு."

அது 1489இல் காஸ்தெல்னோ பிரபு கட்டிய மாளிகை. பழைய கோட்டையில் குடியிருக்க முடியவில்லை என்று மனைவி சொன்னாராம், ஜன்னலைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. அந்த டான்சர் ஜோசஃபின் பேக்கர், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிறந்து பாரிஸில் புகழடைந்த கறுப்பினக் கலைஞர். போர்க்காலத்தில் நாஜி எதிர்ப்பு இயக்கத்துக்கு வேலை செய்தார், 1947இல் இந்த மாளிகையை வாங்கினார், பல நாடுகளிலிருந்து 12 குழந்தைகளைத் தத்தெடுத்து இங்கே வளர்த்தார். கடனில் மூழ்கி 1969இல் வெளியேற்றப்பட்டார். மழையில் சமையலறைப் படியில் அவர் உட்கார்ந்திருக்கும் படத்தையும் அந்தப் படியையும் சேர்த்துப் பார்த்தால் மனசு கனக்கும். 2021இல், நாட்டின் பெரியவர்களைக் கௌரவிக்கும் பாரிஸ் நினைவிடமான பாந்தியோனில் அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

"மோன்ஃபோர் கோட்டை வாசல் வரைக்கும் போனோம், உள்ள விடலையே?"

அது தனியார் வீடு, ஃபேராக் கோட்டையும் அப்படித்தான். ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் சாலையோரம் மோன்ஃபோரைப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது, அங்கே நின்று பார்ப்பதோடு சரி.

"அந்த ஆதிமனிதன் குகையையும் சேர்த்துப் பார்த்துடலாமா?"

லாஸ்கோ வேறு பள்ளத்தாக்கில், வெசேர் ஆற்றுப் பக்கம். அசல் குகை 1963 முதல் பொதுமக்களுக்கு மூடல், பார்ப்பது முழு நகல். அதற்குத் தனியாக அரை நாள் வையுங்கள், முன்பதிவு செய்துவிட்டு.

"ஆத்துக்கு நடுவுல பாதியில நிக்குதே கான்கிரீட் தூணு, அது எந்த ராஜா கட்டினது?"

கேட்டவர் நிஜமாகவே கேட்டார். அது ராஜா காலத்தது இல்லை. பெய்னாக் சாலை நெரிசலைக் குறைக்கப் புறவழிச் சாலை போட மாவட்ட நிர்வாகம் தொடங்கிய பாலங்களின் தூண்கள். கோட்டைக் காட்சியே கெட்டுவிடும் என்று எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள், 2018 டிசம்பரில் உச்ச நிர்வாக நீதிமன்றம் வேலையை நிறுத்தியது, அடுத்த வருடம் பொர்தோ நீதிமன்றம் கட்டியதை இடிக்கவும் சொன்னது. அப்புறமும் இரு பக்கத்துக்கும் சண்டை ஓயவில்லை. நெரிசலில் தினமும் அவதிப்படும் கிராமத்துக்காரர் சிலர் பாலம் வேண்டும் என்கிறார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது.

நான் கடைசியாகப் படகில் போனபோது தூண்கள் நின்றன. பக்கத்தில் போனால் நீரோட்டம் கொஞ்சம் இழுக்கும், இரண்டு தூணுக்கு நடுமத்தியில் படகை வைத்துக்கொள்ளுங்கள்.